வியாழக்கிழமைத் தண்ணீர்

காலை மணி 10.05. படகில் ஏழு பேர். படகோட்டியின் பெயர் கலியமூர்த்தி. இது என் டைரியில் இருக்கிறது, தம்பி. டைரி இல்லாமல் நான் எதையும் சொல்வதில்லை. முப்பத்தாறு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன். வண்டி வந்த நேரமும் போன நேரமும் எழுதி எழுதி, இப்போது வீட்டில் பால்காரர் வந்தால்கூடக் கை தானாகப் பேனாவைத் தேடும்.

நீங்கள் பிச்சாவரம்தானே போகிறீர்கள்? கேமரா பையைப் பார்த்ததுமே தெரிந்தது. ஜன்னல் பக்கம் வேண்டுமானால் உட்காருங்கள், எனக்குப் பஸ் காற்று ஆகாது. படகு சஃபாரிதானே? போய் வாருங்கள். நல்ல இடம். ஆனால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். சஃபாரி போட்டுக்கொண்டு போகக் கூடாது. யாரும் சொல்ல மாட்டார்கள். நான் சொல்கிறேன்.

என் மகள் எழிலரசிக்கு அப்போது இருபத்தொன்பது முடிந்துவிட்டது. கண்ணாடிக்கடையில் கண்ணுக்குப் பவர் பார்க்கிற வேலை. அதற்காகத் தனியாகப் படித்தவள். அதற்கு முன்னால் நான்கு இடம் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நான்குமே என் வீட்டில், என் ஏற்பாட்டில், ஒரு நிமிடம் பிசகாமல் நடந்தவை. 10.10க்குக் கேசரி, 10.20க்குக் காபி, 10.25க்குப் பெண் வருகை. ஒவ்வொரு தடவையும் அவர்கள் போன பிறகு அவளிடம், "என்னம்மா?" என்பேன். "அவுட்டர்லயே நிக்கட்டும்பா" என்பாள். சிக்னல் கிடைக்காத வண்டி ஊருக்கு வெளியே நிற்குமே, அந்த அவுட்டர். ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண் அப்படித்தான் பேசும். பிள்ளைகள் சரியில்லை என்பது என் கருத்து. ஏற்பாட்டில் குறை எதுவும் இல்லை.

ஐந்தாவது இடம் பண்ருட்டி. பிள்ளை திருக்குமரன். கை கால் வலிக்கு உடற்பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட். அவனுடைய அம்மா கஸ்தூரி அம்மாள் போனில் என் மனைவி தமயந்தியிடம், "வீட்டுக்கு வந்து கேசரி தின்னுட்டு, ஊருக்குப் போய்ப் பதில் சொல்றோம்ங்கறதெல்லாம் எங்களுக்கே சலிச்சுப் போச்சுங்க. பொது இடமாப் பாத்துக்கலாம். எங்க பையன் பிச்சாவரத்துல படகு சஃபாரி போகலாம்கறான்" என்றிருக்கிறார்.

தமயந்தி என்னிடம் வந்து, "சஃபாரியாம்" என்றாள்.

"அதுக்கென்ன, இருக்கே" என்றேன்.

இருந்தது. நான் ஓய்வு பெற்ற அன்று ஸ்டேஷன் ஊழியர்கள் எல்லாரும் சேர்ந்து எடுத்துக் கொடுத்த சாம்பல் நிற சஃபாரி சூட் துணி. தைத்து ஆறு வருஷம். போட ஒரு சந்தர்ப்பம் வரவில்லை. மேல்சட்டையில் நான்கு பாக்கெட், தம்பி. டைரிக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, பேனாவுக்கு ஒன்று. மனிதனுக்கு வேறு என்ன வேண்டும்? சம்பந்தி வீட்டார் எந்த உடை என்றுகூடச் சொல்லியனுப்புகிறார்களே, நல்ல ஒழுங்கான குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன்.

எழிலரசி ஒரு நிபந்தனை போட்டாள். "அப்பா, இந்தத் தடவை தாள் இருக்கக் கூடாது."

தாள் என்றால் நான் தயாரிக்கிற நிகழ்ச்சி நிரல். "இருக்காதும்மா" என்றேன்.

"என் மேல சத்தியமா?"

"சத்தியமெல்லாம் எதுக்கு? இருக்காது."

தாள் இருந்தது. நான்காவது பாக்கெட்டில். ஏன் என்றால், ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் ஆரம்பம். அதற்குள் கரைக்கு வந்து வெற்றிலை பாக்கு மாற்றியாக வேண்டும் என்று கஸ்தூரி அம்மாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தாள் இல்லாமல் அது எப்படி நடக்கும்?

தாள் மட்டும் போதாது, ட்ரயல் ரன் வேண்டும். புது லைன் போட்டால் ஆளை ஏற்றுவதற்கு முன்னால் வெறும் என்ஜினை விட்டுப் பார்ப்போம். அதனால் வியாழக்கிழமை யாரிடமும் சொல்லாமல் நான் மட்டும் பிச்சாவரம் போனேன். அன்றைக்கும் துடுப்புப் போட்டவர் கலியமூர்த்திதான். ஐம்பது வயசு இருக்கும். அதிகம் பேசாதவர். பேசினாலும் பாதி வாய்க்குள்ளேயே நின்றுவிடும்.

10.05க்குப் புறப்பட்டோம். பெரிய வாய்க்காலைத் தாண்டி 10.50க்குக் குறுகிய வாய்க்காலில் நுழைந்தோம். இரண்டு பக்கமும் சுரபுன்னை. வேர்கள் கிளையிலிருந்து இறங்கித் தண்ணீருக்குள் ஊன்றி நிற்கின்றன. தலைக்கு மேலே இலை மூடிக்கொள்கிறது. வெயில் இல்லை, சத்தம் இல்லை. 10.58க்கு ஒரு அகலமான இடம் வந்தது. இதுதான் என்று குறித்துக்கொண்டேன். பெண்ணும் பிள்ளையும் பேச இதைவிட நல்ல இடம் கிடையாது. தண்ணீரும் நன்றாக இருந்தது. துடுப்பு முக்கால் பங்கு முங்கியது. அதையும் எழுதினேன்.

திரும்பும்போது, "ஞாயித்துக்கிழமை இதே நேரம், இதே இடம். ஆறு பேர்" என்றேன்.

கலியமூர்த்தி துடுப்பை நிறுத்திவிட்டு, "ஞாயித்துக்கெழம வத்தம் சார்" என்றார்.

வருத்தம் என்று என் காதில் விழுந்தது. பாவம், ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம், பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்க முடியாத வருத்தம். எனக்குத் தெரியாதா? முப்பத்தாறு வருஷம் ஞாயிறு இல்லாமல் வேலை பார்த்தவன் நான். "வருத்தப்படாதீங்க. பன்னிரண்டுக்குள்ள விட்டுடறேன்" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துடுப்பைப் போட ஆரம்பித்தார். ஆறுதல் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் சஃபாரி போட்டு வெளியே வந்ததும் தமயந்தி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எழிலரசி மட்டும், "அப்பா, வண்டி எத்தனை மணிக்கு எடுக்கறீங்க?" என்று கேட்டாள்.

"8.15" என்றேன்.

அவள் அதற்கு அப்படிச் சிரித்தாள். 8.15இல் என்ன சிரிப்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

படகுத் துறையில் அவர்கள் எங்களுக்கு முன்பே வந்திருந்தார்கள். நான் மட்டும் முன்னால் போய் வணக்கம் சொன்னேன். கஸ்தூரி அம்மாள் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த இரண்டு பைகளையும் என்னிடம் கொடுத்துவிட்டு, "இதப் பத்திரமாப் புடிங்க. ஐயா எங்க, வந்துட்டாங்களா?" என்றார். சம்பந்தி என்ற உரிமையை முதல் நொடியிலேயே எடுத்துக்கொண்டார் பாருங்கள். ஐயா என்று தன் கணவரைத்தான் கேட்கிறார் என்று, பத்தடி தள்ளி நின்ற இராஜமாணிக்கத்தைக் காட்டினேன். அதற்குள் எழிலரசி வந்து, "அப்பா, பையை என்கிட்ட குடுங்க" என்றாள். கஸ்தூரி அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஐயோ, நீங்களா? குடுங்க குடுங்க" என்று பையைப் பிடுங்கிக்கொண்டார். எனக்குப் பாரம் வேண்டாம் என்ற கரிசனம். எழிலரசியும் அந்தப் பையன் திருக்குமரனும் வேறு வேறு பக்கம் திரும்பி இருமிக்கொண்டிருந்தார்கள். காலைப் பனி.

மிதவைச் சட்டையைக் கட்டிக்கொண்டு ஏறினோம். சஃபாரிக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் அது கொஞ்சம் பொருந்தவில்லை. மற்றபடி எல்லாம் சரியான நேரத்தில் நடந்தது. 10.05 புறப்பாடு. பொதுப் பேச்சு. இராஜமாணிக்கம் முந்திரி விலை பற்றிப் பேசினார். கஸ்தூரி அம்மாள் முறுக்கு கொடுத்தார். நான் பாக்கெட்டிலிருந்து தாளை எடுக்கவே இல்லை, எனக்கு மனப்பாடம்.

10.50. குறுகிய வாய்க்காலின் வாய். கலியமூர்த்தி படகை நிறுத்தினார். "வத்தம் சார். உள்ள போக வேணாம்."

"இன்னுமா வருத்தம்?" என்றேன்.

கஸ்தூரி அம்மாள், "என்ன வருத்தம், பாவம்? வீட்ல ஏதாவது தகராறா? இந்தாங்க, முறுக்கு சாப்பிடுங்க" என்றார்.

கலியமூர்த்தி முறுக்கை வாங்கிக்கொண்டார். "தண்ணி எறங்குதும்மா" என்றார்.

"வியாழக்கிழமை 10.58க்கு முக்கால் துடுப்புத் தண்ணீர் இருந்தது. என்கிட்ட எழுத்திலே இருக்கு" என்றேன்.

"அது வியாழக்கெழமத் தண்ணி சார்."

தண்ணீரில் வியாழக்கிழமை என்ன, ஞாயிற்றுக்கிழமை என்ன? அவருக்கு ஒரு வார்த்தைக்கும் இடம் கொடுக்காமல், "நேரம் ஆகுது, போங்க" என்றேன். அவர் முறுக்கைக் கடித்து முடித்தார். பிறகு போனார்.

10.58. நான் குறித்த அதே இடம். படகு நின்றது. நின்றது என்றால், கல்யாண மண்டபத்துப் பெஞ்சு மாதிரி நின்றது. அசைவே இல்லை. எட்டிப் பார்த்தால் சுற்றிலும் சேறு. நடுவில் நாலு விரல் தண்ணீர். அதில் ஒரு நண்டு எங்களைக் கண்டுகொள்ளாமல் போய்க்கொண்டிருந்தது.

"இதான் சார் வத்தம்" என்றார் கலியமூர்த்தி. "கடல் உள்ள வந்தா ஏத்தம், திரும்பிப் போனா வத்தம். தெனம் முக்கா மணி தள்ளிப் போவும். வியாழக்கெழம இந்நேரம் ஏத்தம். இன்னிக்கு இப்பதான் எறங்குது."

"தினம் முக்கால் மணி லேட்டா?"

"லேட்டு இல்ல சார். அதோட நேரம் அது."

"மறுபடி எப்ப வரும்?"

"ஒன்றரை ஆவும்."

எமகண்டம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. கஸ்தூரி அம்மாள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

கலியமூர்த்தி இறங்கினார். முழங்கால் வரை சேறு. அந்தப் பையன் செருப்பைக் கழற்றிவிட்டு, பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினான். உடனே எழிலரசியும் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். நானும் இறங்கியிருப்பேன். ஆனால் சஃபாரி ட்ரை வாஷ் துணி. மூன்று பேரும் தள்ளினார்கள். படகு நகரவில்லை. இராஜமாணிக்கம் உதவி செய்கிறேன் என்று பக்கத்தில் இருந்த ஒரு கிளையைப் பிடித்து இழுத்தார். அது ஒடிந்தது.

"அது தில்லை மரம், விடுங்க. பால் கண்ணுல பட்டாப் பார்வையே போயிடும்" என்றார் கலியமூர்த்தி.

இராஜமாணிக்கத்தின் கை ஏற்கெனவே முகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. எழிலரசி சேற்றிலேயே எட்டு வைத்து ஓடிவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "கண்ணுல கைய வைக்காதீங்க மாமா." குடிதண்ணீர் பாட்டில் இரண்டையும் காலி செய்து அவர் கையைக் கழுவி, கண்ணை விரித்துப் பார்த்து, "ஒண்ணுமில்ல மாமா. பயப்படாதீங்க" என்றாள். அதுவரை அவரை சார் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மாமா என்று முதலில் சொன்னது 11.16. கஸ்தூரி அம்மாளும் தமயந்தியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருந்த குடிதண்ணீர் எல்லாம் போய்விட்டதே என்ற கவலை.

பிறகு கலியமூர்த்தி ஒரு காரியம் செய்தார். அந்தப் பையன் கையில் துடுப்பைக் கொடுத்து, "ரெண்டு பேரும் அந்த வளைவு வரைக்கும் நடந்து போயி, தண்ணி எவ்வளவு கெடக்குன்னு பாத்துட்டு வாங்க. அவசரமில்ல" என்றார். அது அவர் பார்க்க வேண்டிய வேலை. பயணிகளை அனுப்பியது விதிப்படி தப்பு. நான் புகார் எழுதிக் கொடுத்திருந்தால் அவருக்குத்தான் சிக்கல். அனுப்பிவிட்டுப் படகு விளிம்பில் உட்கார்ந்து கஸ்தூரி அம்மாளிடம் இன்னொரு முறுக்கு வாங்கிக்கொண்டார். வருத்தமாகவே தெரியவில்லை.

அவர்கள் இரண்டு பேரும் வளைவில் எவ்வளவு நேரம் நின்றார்கள், என்ன பேசினார்கள் என்பது டைரியில் இல்லை. நான் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று தமயந்தி என் முழங்கையைப் பிடித்திருந்தாள். ஒருமுறை தொப்பென்று யாரோ விழுந்த சத்தம் கேட்டது. பிறகு சிரிப்பு. எழிலரசியின் சிரிப்புதான். நான்கு தடவை என் வீட்டுக் கூடத்தில் நான் கேட்காத சிரிப்பு.

மணி பன்னிரண்டைத் தாண்டியது. புழுக்கம். கஸ்தூரி அம்மாள் முந்தானையால் விசிறிக்கொண்டு, "விசிற ஒரு காகிதம் கெடைக்குமா சம்பந்தி?" என்றார். சம்பந்தி என்றார், தம்பி. அந்தச் சந்தோஷத்தில் நான்காவது பாக்கெட்டில் கையை விட்டு எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அவர் விசிறினார். இராஜமாணிக்கம் பக்கத்தில் இருந்தார். எழுத்தைப் பார்த்தால் படிக்கிற ஆசாமி. சத்தமாகவே படித்தார்.

"10.58 முதல் 11.10 வரை பெண்ணும் பிள்ளையும் தனிப்பேச்சு. மற்றவர்கள் மரங்களைப் பார்க்கவும். 11.11 பெண்ணின் முகம் பார்த்து முடிவு. 11.50 கரை, வெற்றிலை பாக்கு."

படித்து முடித்து நிமிர்ந்தபோது அவர்கள் இரண்டு பேரும் படகுக்குப் பக்கத்தில் நின்றார்கள். பையன் முதுகெல்லாம் சேறு. விழுந்தவன் அவன்தான்.

"அப்பா" என்றாள் எழிலரசி.

அவ்வளவுதான். சேற்றுக் கையை நீட்டித் தாளை வாங்கிப் பார்த்தாள். என் கையெழுத்து. அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அவுட்டர் என்று சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. ஐந்தாவது வண்டி. தமயந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்தப் பையன்தான் கேட்டான். "பன்னண்டு நிமிஷம் எப்படிங்க மாமா கணக்கு?"

"கிராசிங் நேரம்" என்றேன். "ஒத்தை லைன்ல எதிர் வண்டிக்காக நிக்கிறது. சராசரி பன்னண்டு நிமிஷம்."

"சரி. இப்ப ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னாச்சு. எதிர் வண்டி வந்துருச்சான்னு அவங்களத்தான் கேக்கணும்."

எழிலரசி அவனைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. தாளை நான்காக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். "தண்ணி வரட்டும்" என்றாள்.

நான் ஷூவைக் கழற்றினேன். காலுறையைக் கழற்றி அதற்குள் வைத்தேன். சஃபாரியோடு சேற்றில் இறங்கினேன். ஏன் என்று கேட்காதீர்கள். படகின் எடை குறைந்தால் சீக்கிரம் மிதக்கும், அதற்காக. தொடை வரை உள்ளே போய்விட்டது. அந்தப் பையன் ஒரு பக்கம் பிடித்தான். இன்னொரு பக்கம் எழிலரசி பிடித்தாள். ஒரு மணி நேரம் அப்படியே நின்றோம். தாள் அவள் பையில் இருந்தது. அவள் கை மட்டும் என் கையை விடவில்லை.

தண்ணீர் வருவது தெரியவே தெரியாது, தம்பி. முதலில் நண்டு வளை மூடியது. பிறகு தொடையில் ஒரு குளிர்ச்சி. பிறகு இடுப்பு. 1.33க்குப் படகு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. கலியமூர்த்தி, "ஏறுங்க சார்" என்றார். எமகண்டம் முடிந்து மூன்று நிமிடம்.

எழிலரசி கடைசியாக ஏறினாள். முதலில் அந்தப் பையனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"லைன் கிளியர்பா" என்றாள்.

தமயந்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "என்ன சொல்லுது பொண்ணு?" என்று கஸ்தூரி அம்மாள் கேட்டார். "தண்ணீர் வந்துவிட்டது என்கிறாள்" என்றேன். டைரியை எடுத்து நேரத்தைக் குறித்தேன், 1.35. அந்தப் பக்கத்தில் மட்டும் எழுத்து கலைந்திருக்கிறது, சேற்றுக் கை.

எல்லாரும் இப்போது படகு சிக்கியதால்தான் இந்தச் சம்பந்தம் அமைந்தது என்கிறார்கள். தமயந்தியே சொல்கிறாள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இடத்தைத் தேர்ந்தெடுத்தது யார்? வியாழக்கிழமை ட்ரயல் ரன் போனது யார்? திட்டம் இல்லாவிட்டால் சரியான இடத்தில் எப்படிச் சிக்குவது?

சஃபாரியில் சேறு போகவில்லை. கலியமூர்த்திக்குப் பத்திரிகை கொடுக்கப் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்த டிரைவர் சட்டை என்னாச்சு சார்?" அவருக்கும் உடை பற்றி அவ்வளவாகத் தெரியாது.

இதோ, உங்கள் நிறுத்தம் வந்துவிட்டது. பையை மறக்காதீர்கள். கலியமூர்த்தியைப் பார்த்தால் வத்தம் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். வருத்தம் இல்லை, வத்தம்.

கல்யாணம் 2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை, பண்ருட்டியில் நடந்தது. தாலி கட்டிய நேரம் காலை 7.50. எமகண்டத்துக்கு நான்கு மணி பத்து நிமிடம் பாக்கி இருந்தது.